ஒட்டி நின்ற இரண்டு முட்கள்

காலை பத்தே முக்கால். இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது சோதனைப் பாதையின் வளைவில் அந்த இளைஞன் குப்புறக் கிடந்தான். கழுத்து முறிந்திருந்தது. அவனுக்குப் பின்னால் தார்ச்சாலையில் ஒரே ஒரு கறுப்புக் கோடு, வளைவை மதிக்காமல் நேராகத் தடுப்புச் சுவர்வரை போயிருந்தது.

"எஞ்சின் இறுகி, பின் சக்கரம் பூட்டிக்கிச்சு மேடம்," என்றார் மெக்கானிக். "கிளட்ச்சைப் பிடிக்கக்கூட நேரம் இருந்திருக்காது."

பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்தாள். அந்த மோட்டார் சைக்கிளை வடிவமைத்தவள் அவள். ஓட்டியவன் அவளுடைய தம்பி.

"என்னை அரெஸ்ட் பண்ணுங்க. நான்தான் அவனைக் கொன்னேன்."

குற்றவாளி இவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்காது. எஞ்சினைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளவும் மாட்டார். பதில் சொல்பவருக்கு எரிச்சல் வரும்வரை சின்னப்பிள்ளைத்தனமாகக் கேட்டுக்கொண்டே இருப்பார். நொறுங்கிய வண்டியைத் தார்ப்பாயால் மூடி, யாரும் தொடக்கூடாது என்று காவல் போட்டுவிட்டு, அவளைப் பட்டறைக்குள் கூட்டிப்போனார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா."

அவள் இரண்டு விரல்களை விரித்துக் காட்டினாள். "ரெண்டு சிலிண்டர் இப்படி V மாதிரி, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு. ஓடும்போது காத்து முன்னாடி இருக்கறதுலதான் அடிக்கும். பின்னாடிக்கு அது விட்ட மிச்சம். அதனால எப்பவும் பின்னாடிதான் சூடு அதிகம். அளவு மீறினா பிஸ்டன் வீங்கி உள்ளேயே இறுகிடும்."

"அதுக்கு என்ன பண்ணினே?"

"பின்னாடிக்கும் காத்து போக, டேங்குக்கு அடியில ஒரு குழாய் வச்சேன். மாசக்கணக்கா அதுலயே மண்டையை உடைச்சுக்கிட்டேன். ஸ்கிரீன்ல சூட்டைக் காட்டற முள் சிலிண்டருக்கு ஒண்ணு; ஒவ்வொரு தடவையும் பின் முள் சிவப்புக்குப் போயிடும். இன்னைக்கும் போச்சுன்னா இந்த எஞ்சினையே கைவிட்டுடறதா முதலாளி சொல்லிட்டார்."

"இன்னைக்குப் போச்சா?"

"இல்ல. ரெண்டு முள்ளும் ஒட்டி நின்னுது. தம்பி வயர்லெஸ்ல, 'அக்கா, ஜெயிச்சுட்டே. இன்னொரு ரவுண்டு போகட்டா'ன்னு கேட்டான். நான் சிரிச்சுக்கிட்டே போடான்னு சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் அவளை அங்கேயே உட்கார வைத்துவிட்டு வந்தார்.

வெளியே மெக்கானிக் சொன்னார்: "எல்லாரும் ஸ்கிரீனைச் சுத்தி நின்னு கை தட்டினோம் மேடம், முதலாளிகூட. வயரிங் சார் மட்டும் வாசல்ல நின்னு ரோட்டையே பார்த்துக்கிட்டிருந்தார். மச்சான் மேல அவ்வளவு பாசம்."

வயரிங் சார் என்பது அவளுடைய கணவன். வண்டியின் மின்சார வேலை முழுக்க அவன் பொறுப்பு.

"இதே குழாய் வச்ச இன்னொரு வண்டி இருக்கா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

இருந்தது. சோதனை அறையில், நின்ற இடத்திலேயே சக்கரம் ஓட உருளைகளின் மேல், ஆளுயர மின்விசிறிக்கு எதிரே. கணவன் வயர்களை மாட்டினான். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார்.

"இது என்ன தம்பி, பார்சல் கட்டற மாதிரி நூல் சுத்தியிருக்கு?"

"மெக்கானிக் போடற பிளாஸ்டிக் கட்டு சூட்டுல நொறுங்கிடும் மேடம். நான் மெழுகு நூல்லதான் கட்டுவேன். இங்க வேற யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது."

விசிறி இரைந்தது. எஞ்சின் உறுமியது. இரண்டு முட்களும் சேர்ந்து ஏறின. கொஞ்ச நேரத்தில் பின் முள் மட்டும் பிரிந்து, தனியாக மேலே போயிற்று. சிவப்பைத் தொடுமுன் அவளே ஓடிப்போய் அணைத்தாள்.

"அப்போ காலையில எப்படி..." என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் வெளியே போய், நொறுங்கிய வண்டியின் தார்ப்பாயை விலக்கச் சொன்னார். மெக்கானிக் பெட்ரோல் டேங்கைக் கழற்றினார். சூட்டை அளக்கும் சென்சார் ஒரு சின்ன வளையம்; ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் உட்காரும். சிலிண்டருக்கு ஒன்று இருக்க வேண்டும். முன் பிளக்கின் அடியில் இரண்டு இருந்தன. பின் பிளக்கின் அடியில் ஒன்றுமில்லை. பின்னாலிருந்து முன்னுக்கு இழுத்து வந்திருந்த அந்த இரண்டாவது சென்சாரின் வயர், மெழுகு நூலால் அழகாகக் கட்டப்பட்டிருந்தது.

"ரெண்டு முள்ளும் ஒரே சிலிண்டரைத்தான் காட்டியிருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒட்டி நிக்காம என்ன செய்யும்? ஒட்டி நின்னப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். மாசக்கணக்கா ஆசைப்பட்டது கண்ணு முன்னாடி நடந்தா யாருக்குச் சந்தேகம் வரும்?"

கணவன் பக்கம் திரும்பினார். "நூலை யார் வேணா கட்டலாம் தம்பி. ஆனா எல்லாரும் கை தட்டின நேரத்துல நீங்க மட்டும் ஸ்கிரீனைப் பார்க்கல. அதுல என்ன தெரியும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரியாதது ரோட்டுலதான் இருந்தது."

அவன் சுவரில் சாய்ந்தான். மனைவியைப் பார்த்துத்தான் பேசினான்.

"ரெண்டே ரவுண்டுதான் ஓட்டறதா இருந்தது. அதுவரை எஞ்சின் தாங்கும்னு கணக்குப் போட்டேன். முதலாளி சரின்னு சொல்லிட்டா அப்புறம் நிதானமா சரி பண்ணிக்கலாம்னு... நீ தினமும் அழறதை என்னால பார்க்க முடியல. ஒரு நாளாவது சிரிக்கட்டும்னு நினைச்சேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அது அங்கிருந்தவர்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அவன் இன்னொரு ரவுண்டு கேட்டானே. நான் போடான்னு சொன்னேனே. நீங்க வாசல்லதானே நின்னீங்க? காதுல விழுந்துச்சா, விழலையா?"

அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான்:

"விழுந்துச்சு."