உம் கொட்டும் எண்

முதலில் புகார் சொன்னது மீன் மார்க்கெட் சாரதாம்பாள்தான். கோவளத்தில் எந்தச் சங்கதியும் முதலில் அவள் காதில்தான் விழும். விழாவிட்டால் அவளே போய்ப் பொறுக்கிக்கொள்வாள்.

"இன்னா அஜ்மலு, மத்தியான நாடகத்துல எவளோ பின்னாடி குந்திகினு 'உம், உம்'னு கொட்டிகினே கீறா! மாமியா பேசுனாலும் உம், மருமவ அழுதாலும் உம். கனெக்சன் குடுத்தா ஆச்சா, காது குடுக்க மாட்டியா நீ?"

"பாக்குறேன்கா" என்று கேபிள்காரன் அஜ்மல் போனை வைத்தான். பார்க்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்வான். கேட்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் ஹாதியா பேசும்போது அவன் ஒரு தடவைகூட உம் கொட்டியதில்லை என்பது தர்கா தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். "சுவத்தாண்ட சொன்னா பல்லியாவது பதில் சொல்லும்" என்று தண்ணீர் லாரி வரிசையில் அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். சிரித்தாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வீட்டின் கீழ்த்தளம்தான் கண்ட்ரோல் ரூம். உப்புக் காற்று புகாமல் ஜன்னலை அடைத்த அறை. சூடேறிய பிளாஸ்டிக் நாற்றமும், ரிசீவர் விசிறிகளின் ஓயாத இரைச்சலும், சுவருக்கு அப்பால் புரளும் கடலின் ஓசையும் ஒன்றாகக் குழைந்து அவன் மண்டைக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஹெட்போனை மாட்டினான். நாடகத்தின் அழுகைக்கு அடியில், யாரோ நிதானமாக, வெற்றிலை மெல்லும் வாயை மூடிக்கொண்டு கதை கேட்பதுபோல், அது இருந்தது. துக்கம் வந்தால் நீளும். ரகசியம் வந்தால் விரையும்.

உம்.

வானத்திலிருந்து ஒரு சேனல் மூட்டையாகத்தான் இறங்கும்: படம், தமிழ் ஒலி, தெலுங்கு ஒலி. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வேண்டாத எண்ணை ரிசீவரின் ஃபில்டர் பக்கத்தில் எழுதி 'டிராப்' வைத்தால் அது வாசலோடு நின்றுவிடும். மூன்று இருக்கவேண்டிய இடத்தில் நான்கு எண்கள் இருந்தன. நான்காவது 4107. பெயர் இல்லை. எழுதினான். டிராப். உம் நின்றது.

மறுநாள் 4108 வந்தது. அதையும் நிறுத்தினான். அதற்கு மறுநாள் 4109. ஒரு வாரத்தில் பட்டியல் ஏழு எண்ணாக வளர்ந்தது. டிவியில் சத்தம் சுத்தமாக இருந்தது. சாரதாம்பாள்கூடக் குறை சொல்ல வேறு ஆளைத் தேடிக்கொண்டாள்.

ஏழாம் நாள் பிற்பகல், ஹெட்போனைக் கழற்றியபோது, மாடியில் ஹாதியா பேசுவது கேட்டது. அவள் பேசுவது புதிதல்ல. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு அவள் நிறுத்தி, காத்திருந்து, தொடர்ந்தாள்.

அந்த இடைவெளியில் ஏதோ இருந்தது.

மேலே போனான். முதுகைக் காட்டி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். டிவி அணைந்திருந்தது. தூளியில் எட்டு மாத மகள் மலீஹா.

"யாராண்ட பேசிகினு கீறே?"

"இன்னா மச்சான் கேக்குறீங்க? ஒரு வாரமா நீங்கதானே கீழேர்ந்து உம் கொட்டிகினு கீறீங்க?" அவள் குரல் கம்மியிருந்தது, பாதி சொல் காற்றாகவே வந்தது. "இப்பவாச்சும் உங்களுக்குக் காது மொளைச்சுதேன்னு எல்லாத்தையும் சொல்லிகினு கீறேன்."

"எல்லாத்தையும்னா?"

உதடு அசைந்தது. குரல் வரவில்லை. தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, மறுபடி சொல்ல முயன்றாள். நூலிழையாக ஒரு சத்தம். சொல்லச் சொல்ல அவள் குரல் தீர்ந்துகொண்டிருந்தது.

வாசலில் நிறுத்தியது மாடிப்படி ஏறியிருக்கிறது.

கீழே ஓடினான். திரும்ப விட்டுவிட வேண்டும். ஊரார் டிவிக்குள்ளேயே போய் உட்காரட்டும். பட்டியலில் இருந்த ஏழு எண்களையும் ஒவ்வொன்றாக அழித்திருக்க வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லை. பட்டியலின் தலையில் 'டிராப்' என்று இருந்ததை 'பாஸ்' என்று மாற்றினான். சேமித்தான். ரிசீவர் பெட்டியின் விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது.

அப்போதுதான் உறைத்தது. பத்து வருஷத் தொழில். புதுப் பையனுக்குக்கூடத் தெரியும். பாஸ் வைத்தால் பட்டியலில் உள்ளவை மட்டும் போகும்.

மற்றதெல்லாம் நின்றுவிடும்.

விசிறிகள் சுழன்றன. இரைச்சல் இல்லை.

கதவைத் திறந்தான். அலை எழுந்தது, உடைந்தது, நுரைத்தது. ஓசை இல்லை. டிஷ்ஷின் விளிம்பில் ஒரு காகம் வாயைத் திறந்து திறந்து மூடியது. ஒன்றுமில்லை. அஸர் பாங்கு சொல்லும் நேரம். தொழுகைக்குப் போகிறவர்கள் தெருவில் நின்று பள்ளிவாசல் ஒலிபெருக்கிக் குழாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காதைக் குடைந்தார்.

திரும்ப டிராப் அழுத்தினான். மறுபடி. மறுபடி. பெட்டியும் அவனைப் போலவே. கேட்கவில்லை.

மாடிப்படி. காலடிச் சத்தம் இல்லை. மூச்சிரைக்கும் சத்தமும் இல்லை.

ஹாதியா அதே இடத்தில். கத்தி கீழே கிடந்தது. கழுத்து நரம்பு புடைக்க அவள் கத்திக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்துத்தான். அவனுக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. முதல் தடவையாக, உயிரைக் காதில் வைத்துக்கொண்டு, கேட்டான்.

ஒன்றுமில்லை.

"ஹாதியா!" என்றான். வாய்தான் திறந்தது.

தூளி அசைந்தது.

மலீஹா எழுந்து உட்கார்ந்திருந்தாள். பல் முளைக்காத வாயை இறுக மூடியிருந்தாள். கன்னம் மெல்வதுபோல் அசைந்தது. அம்மாவின் உதடுகளையே ஆசையோடு பார்த்தாள். தலையை மெல்ல ஆட்டினாள்.

"உம்."

வயதான குரல். நிதானம்.

ஹாதியாவின் வாய் ஓய்ந்தது. குழந்தை சற்றுக் காத்திருந்தது. பிறகு கழுத்தைத் திருப்பி, அஜ்மலை நிமிர்ந்து பார்த்தது.

"உம்?"