ஐந்து கிண்ணம் கடல்பாசி

திருவண்ணாமலையில், செங்கம் சாலை ஓரத்தில், அப்துல் பாயின் பஞ்சர் கடை இருந்தது. கிரிவலம் போகிறவர்கள் அந்தக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கடை வாசலில் ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா நிறையத் தண்ணீர் வைப்பார். சங்கிலியில் கட்டிய டம்ளர் ஒன்று அதன் விளிம்பில் தொங்கும். நடந்து களைத்தவர்கள் மொண்டு குடித்துவிட்டு, "நல்லா இருங்க பாய்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அண்டாவைக் கழுவுவது அவர் மகள் மெஹ்ஜபீனின் வேலை. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். புளி போட்டுத் தேய்த்து, தன் முகம் அதில் தெரிந்த பிறகுதான் விடுவாள்.

அந்த வருடம் ரம்ஜான் மாதத்தின் நடுவில் கார்த்திகை தீபம் வந்தது. தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் அத்தா அண்டாவைத் தூக்கிப் பரண்மேல் கவிழ்த்து வைத்தார்.

"ஏன் அத்தா மேல ஏத்துறீங்க? தீபத்துக்கு ஊரே வருமே."

"வரட்டும்மா. நம்ம தண்ணி வேணாம்."

ஏன் என்று அவளுக்குத் தெரியும். போன பௌர்ணமிக்கு மறுநாள், பக்கத்து டீக்கடை இருசப்பன் மாமாவின் பையனுக்கு வயிற்றுப்போக்கு. மூன்று நாள் படுத்துவிட்டான். அந்தத் தெருவில் இன்னும் நாலு பேருக்கும் அப்படித்தான். "இன்னா பாய், உங்க தண்ணி குடிச்சவனுக்கெல்லாம் வவுறு போவுது" என்று இருசப்பன் மாமா எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டார். அத்தா அன்றைக்குத் தலை குனிந்து நின்றார். அதற்குப் பிறகு டீ குடிக்கவும் அங்கே போகவில்லை.

"நான் நல்லாத்தானே தேச்சேன்" என்றாள் மெஹ்ஜபீன்.

"நீ நல்லாத்தான் தேச்ச. ஆனா அத எப்படிம்மா காட்டுறது? யாரு கண்ணுக்குத் தெரியுது?"

மறுநாள் மதியம் ஒரு டிவிஎஸ் வண்டி பஞ்சராகி கடைக்கு வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் பெயர் கவிநிலா. வேங்கிக்காலில் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக் கண்காட்சியில் வைத்த மாதிரிகளை அடுக்கிய ஓர் அட்டைப்பெட்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார்.

அத்தா டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். மெஹ்ஜபீன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே மூடி ஒட்டிய வட்டமான கண்ணாடித் தட்டுகள். தட்டுக்குள் மங்கலான மஞ்சளில் ஏதோ உறைந்திருந்தது.

"அக்கா, இது கடல்பாசிதானே?"

கவிநிலா அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஆய்வகத்துக்கு வர்றவங்க எல்லாரும் இத மெழுகுன்னு சொல்வாங்க. உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நோன்பு தொறக்க எங்க வீட்ல தெனமும் இதான். பால் ஊத்தி, சக்கரை போட்டு, எங்கம்மா செய்வாங்க."

"அதேதான். கடல்ல வெளையுற பாசி. நாங்க சக்கரைக்குப் பதிலா கறி சூப்பு ஊத்துவோம். கிருமிக்கு அதான் பிடிக்கும். ரொம்ப காலத்துக்கு முன்னாடி வேற ஏதோ பசையில கிருமி வளத்துப் பாத்தாங்களாம். வெயில் வந்ததும் அது உருகி ஓடிடுச்சு. கடல்பாசி உருகாது இல்ல? அதுவும் ஒரு வீட்டு அடுப்படியிலிருந்துதான் ஆய்வகத்துக்குப் போச்சு."

மெஹ்ஜபீன் ஒரு தட்டைக் கண்ணருகே கொண்டுபோனாள். மஞ்சள் பரப்பில் வெள்ளையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள்.

"இந்தப் புள்ளிதான் கிருமியா?"

"ஒரு புள்ளி ஒரு ஊரு. அந்த இடத்துல மொதல்ல ஒரே ஒரு கிருமிதான் விழுந்திருக்கும். எந்தக் கண்ணுக்கும் தெரியாது. இருபது நிமிஷத்துல அது ரெண்டாவும். அப்புறம் நாலு, எட்டு. ஊரு பெருசானப்புறம்தான் நமக்குத் தெரியும்."

யார் கண்ணுக்குத் தெரியும் என்றுதானே அத்தா கேட்டார்? கண்ணுக்குத் தெரியாததைத் தானாகவே வரைந்து காட்டும் தட்டு இருக்கிறதே.

"அக்கா, எங்க அண்டாத் தண்ணியாலதான் அஞ்சு பேருக்கு வவுறு போச்சுங்குறாங்க. அதப் பாத்துச் சொல்வீங்களா?"

கவிநிலா உதட்டைப் பிதுக்கினார். "தீபத்துக்காக ஊர்ல இருக்கிற தொட்டித் தண்ணி எல்லாம் வரிசையில நிக்குது. உன் முறை வர்றதுக்குள்ள தீபம் முடிஞ்சிடும்."

"அப்ப நானே செஞ்சு பாக்கட்டுமா? கடல்பாசி எங்ககிட்ட நெறைய இருக்கு."

கவிநிலா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விரலை நீட்டினார். "செய். ஆனா எல்லாத்தையும் கொதிக்க வை. மூடினா தொறக்காத. உள்ள வளர்றது நல்லதா கெட்டதான்னு நமக்குத் தெரியாது. நாலு நாள்ல நானே வந்து எடுத்துப் போறேன்."

அன்று மாலை பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் மெஹ்ஜபீன் கணக்குப் போட்டாள். ஒன்று, இரண்டு, நாலு, எட்டு. எட்டு மணி நேரத்துக்கு இருபத்து நாலு தடவை இரட்டிக்க வேண்டும். பக்கத்தின் அடிக்கு வந்தபோது எண் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்தைத் தாண்டியிருந்தது. தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று மறுபடியும் போட்டாள். அதே எண். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது ஒன்று. வீட்டுக்கு வரும்போது ஒன்றரைக் கோடிக்கும் மேல். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அம்மா ஜாஹிரா நோன்புக் கஞ்சிக்காக எலும்பு வேகவைத்த சூப்பில் கொஞ்சம் வடிகட்டிக் கொடுத்தாள். மெஹ்ஜபீன் அதில் கடல்பாசியைப் போட்டுக் கரையும்வரை கொதிக்கவைத்தாள். ஆறு கண்ணாடிக் கிண்ணங்களை இட்லிப் பானையில் அடுக்கி அரை மணி நேரம் ஆவியில் வைத்தாள். பிறகு ஊற்றி, தட்டால் மூடி, ஆற வைத்தாள்.

நோன்பு திறந்த பிறகு வந்து பார்த்தால், ஒரு கிண்ணம் காலி. ஆறு வயதுத் தம்பி ஜுபைர் முகத்தைச் சுளித்துக்கொண்டு மூலையில் நின்றான்.

"அக்கா, இன்னிக்கு கடல்பாசி நல்லாவே இல்ல. சக்கரையே இல்ல."

"அது கிருமிக்குடா."

ஜுபைர் வாயைத் துடைத்துக்கொண்டான். "கிருமி பாவம்."

மீதி ஐந்து. மறுநாள் காலை அண்டாவைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னாள். அத்தா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"யாருக்கும் குடிக்கக் கொடுக்கப் போறதில்ல அத்தா. பாருங்க." அவள் ஓர் அட்டையில் 'முகம் கழுவ மட்டும்' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தாள். "ஒரு நாள். அவ்ளோதான்."

வழக்கம்போல் தேய்த்து, குழாய்த் தண்ணீர் நிரப்பி, டம்ளரைத் தொங்கவிட்டாள். கொதிக்கவைத்த இங்க் பில்லரால் கிண்ணங்களில் சில துளி விட்டாள். ஒன்றில் குழாய்த் தண்ணீர். ஒன்றில் காலையில் அண்டாவில் நிரப்பிய தண்ணீர். நாள் முழுவதும் போகிறவர் வருகிறவர் மொண்டு முகம் கழுவினார்கள். சாயங்காலம் அதே அண்டாவிலிருந்து மூன்றாவது கிண்ணத்துக்கு எடுத்தாள்.

நாலாவது கிண்ணத்தில் அவள் எதுவுமே விடவில்லை.

"இது எதுக்கு சும்மா?" என்றான் ஜுபைர்.

"கடல்பாசியிலயே கிருமி இருந்துச்சுன்னு வை. அது தெரியாம நான் தண்ணி மேல பழி போட்டுருவேன் இல்ல? பாக்காம யாரு மேலயும் பழி போடக் கூடாது."

"அஞ்சாவது?"

"அதுல வெரல் வெக்கணும். தண்ணி மொள்ளும்போது வெரலும் தண்ணியில படுதே."

ஜுபைரின் கண்கள் மின்னின. "இருசப்பன் மாமா வெரல வெக்கலாம்க்கா. ஊருக்கே காட்டலாம்."

மெஹ்ஜபீனுக்கும் அந்த ஆசை ஒரு நொடி வந்தது. எல்லார் எதிரிலும் கேட்டாரே. பிறகு அத்தா அன்றைக்குத் தலை குனிந்து நின்றது நினைவுக்கு வந்தது. அப்படி இன்னொருவர் நிற்பதைப் பார்க்க அவளுக்கு மனமில்லை. தன் வலது கையின் ஐந்து விரல்களையும் கடல்பாசிமேல் மெல்ல அழுத்திவிட்டு எடுத்தாள். அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்திருந்தாள். கை பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது.

கிண்ணங்களைக் கண்ணாடித் தாளால் மூடி, டியூபில் வெட்டிய ரப்பர் வளையம் போட்டு இறுக்கினாள். அடுப்புக்கு மேலே இருந்த அலமாரியில், கதகதப்பான இடத்தில் வைத்தாள்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் விடியற்காலை, நோன்பு வைக்கச் சஹர் உணவுக்கு எழுந்தவள் நேராக அலமாரிக்குப் போனாள். விளக்கடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

எதுவும் விடாத கிண்ணம் வெறுமையாக இருந்தது. குழாய்த் தண்ணீரில் இரண்டு புள்ளி. காலை அண்டாவில் மூன்று.

மாலை அண்டாவில் எண்ண முடியவில்லை. மழைக்காலம் முடிந்த இரவு வானம்போலப் புள்ளிமேல் புள்ளி. வெள்ளை, மஞ்சள், ஒன்றிரண்டு ஆரஞ்சு.

ஐந்தாவது கிண்ணத்தை எடுத்து விளக்குப் பக்கம் திருப்பினாள். அதில் அவள் விரல்கள் இருந்தன. பெருவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல்வரை, ஐந்து நுனிகளும் புள்ளிகளாலேயே வரையப்பட்டிருந்தன. அங்கே அவள் எதையும் வரையவில்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள், அவள் தொட்ட இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, இரண்டு இரவில் ஊர் கட்டியிருந்தன.

"அத்தா" என்றாள் மெதுவாக. "இங்க வந்து பாருங்களேன்."

அத்தா வந்து பார்த்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி சரிதான் அத்தா. அண்டாவும் சரிதான். மொள்ளும்போதுதான் உள்ள போவுது."

சொன்னபடி நாலாம் நாள் கவிநிலா வந்தார். கடை வாசலில் பெஞ்சுமேல் ஐந்து கிண்ணங்களும் வரிசையாக இருந்தன. சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள். இருசப்பன் மாமாவும் டீ வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றார்.

கவிநிலா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். வெறும் கிண்ணத்தைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது. "இத வெக்கச் சொல்லி நான் சொல்லவே இல்லையே."

"அதுவா தோணுச்சுக்கா."

"எது கெட்ட கிருமி, எது தயிர் ஒறைய வெக்கிற மாதிரி நல்ல கிருமின்னு ஆய்வகத்துல பாத்தாதான் தெரியும். அந்த அஞ்சு பேருக்கும் இதனாலதான் வவுறு போச்சான்னும் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு நிச்சயம். தண்ணி நல்லாதான் வருது. அண்டாவுக்கு வந்தப்புறம், கை வழியாதான் கிருமி ஏறுது."

இருசப்பன் மாமா ஐந்தாவது கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது யாரு கை?"

ஜுபைர் வாயைத் திறந்தான். மெஹ்ஜபீன் முந்திக்கொண்டாள். "என் கை மாமா."

அவர் வடிகட்டியை இடக்கைக்கு மாற்றிவிட்டு, வலக்கை விரல்களைச் சட்டையில் மெல்லத் துடைத்துக்கொண்டார்.

"கையே உள்ள போவாம தண்ணி எடுக்க முடிஞ்சா போதும்" என்றாள் மெஹ்ஜபீன். "உங்க டீ பாய்லர்ல கொழா இருக்கே மாமா. அதப் பாத்துதான் எனக்குத் தோணுச்சு. அண்டா வேணாம். மூடி போட்ட டிரம்மு, கீழ கொழா."

"என் பாய்லரா?" இருசப்பன் மாமாவின் முகம் மலர்ந்தது. பிறகு அப்துல் பாயின் பக்கம் திரும்பினார். "பாய், அன்னிக்கு நான் பாக்காமயே ஜாஸ்தியா பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத."

"உம் புள்ள படுத்துகினு இருந்தான். நானா இருந்தாலும் பேசியிருப்பேன்" என்றார் அத்தா. "வா, ஒரு டிரம்மு பாக்கலாம்."

கவிநிலா கிண்ணங்களைக் கவனமாகப் பெட்டியில் அடுக்கினார். "இத ஆய்வகத்துல கொதிக்க வெச்சுக் கழுவி, கிண்ணத்தத் திருப்பித் தந்துடறேன்" என்றார்.

"மெதுவா தாங்க" என்றான் ஜுபைர். "கிண்ணம் இல்லன்னா அம்மா கடல்பாசிய பெரிய டம்ளர்ல ஊத்துவாங்க."

நீல நிற டிரம்மில் அத்தா நாலு ஓட்டை போட்டார். ஒவ்வொரு குழாய்க்கும் டியூபில் வட்டமாக வாஷர் வெட்டினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பஞ்சர் ஒட்டும் கை அல்லவா.

தீபத்தன்று சாலை தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. டிரம் நிரம்புவதும் காலியாவதுமாக இருந்தது. பக்கத்தில் நின்று இருசப்பன் மாமா கத்திக்கொண்டே இருந்தார். "கையக் கழுவுங்க, கொழாயத் தெறங்க. மூடிய யாரும் தொடாதீங்க. எல்லாம் பரிசோதன பண்ண தண்ணி சாமி."

மணி ஆறை நெருங்கியது. கூட்டம் அப்படியே நின்று மலையை நோக்கியது. உச்சியில் ஒரு பொறி தெரிந்தது; அது சுடராக நிமிர்ந்தது. "அரோகரா" என்ற ஓசை ஊரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடியது. அது அடங்குவதற்குள் பள்ளிவாசலில் மாலைத் தொழுகையான மக்ரிபுக்குப் பாங்கு கேட்டது.

மெஹ்ஜபீன் அன்று நோன்பு. மலைமேல் எரியும் சுடரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாள். யாரோ தோளைத் தட்டினார்கள். இருசப்பன் மாமா நின்றார். டம்ளரைக் கழுவி, குழாயில் பிடித்து, விளிம்புவரை நிரப்பிக் கொண்டுவந்திருந்தார்.

அவள் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

"இன்னொண்ணு?" என்றார் அவர்.

"ஊத்துங்க மாமா" என்றாள் மெஹ்ஜபீன்.