முந்திக்கொண்ட குரல்

விமானி அறைக்குள் நுழைந்ததும் கேப்டனுக்கான இடது இருக்கைக்கு வணக்கம் சொல்ல வேண்டும். வடந்தை ஏர் கார்கோவில் சேரும் துணை விமானிகளுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பழக்கம் அது. இருக்கையில் யாரும் இருக்க மாட்டார்கள். தலை சாயும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒலிபெருக்கி இருக்கும், அவ்வளவுதான். முதல் வருடம் துணை விமானி ஜெனோவா வணக்கம் சொல்லி முடித்த பிறகு, அவளுடைய குரலிலேயே ஒரு வணக்கம் அங்கிருந்து வரும். அடுத்த வருடம் இரண்டும் சேர்ந்து வந்தன. இப்போதெல்லாம் அவள் வாயைத் திறப்பதற்குள் அது சொல்லிவிடுகிறது.

அதற்கு எதிரொலி என்று பெயர். கத்துவதற்கு முன்பே திரும்பி வரும் எதிரொலியை உலகத்தில் எவன் கண்டான்? ஆனாலும் அந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது. தூத்துக்குடி சரக்கு நிலையத்தில் கல்யாணமான பெண்ணிடம் "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்பது குறைந்து, "எதிரொலி முந்திருச்சா?" என்று கேட்பது கூடிவிட்டது. இரண்டையும் ஒரே முகத்தோடுதான் கேட்டார்கள்.

எதிரொலி வலது இருக்கையில் இருக்கும் துணை விமானியின் ஒவ்வொரு முடிவையும் பார்த்துக்கொண்டிருக்கும். மேகத்தைக் கண்டால் எந்தப் பக்கம் திரும்புகிறார், காற்று உதைத்தால் எப்போது வேகத்தைக் குறைக்கிறார், எரிச்சல் வந்தால் என்ன வார்த்தை சொல்கிறார் என எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளும். தொடர்ந்து முப்பது பயணங்களில் ஒரு சொல்கூடப் பிசகாமல் அது முந்திவிட்டால் துணை விமானி கேப்டன் ஆகிவிடுவார். தோளில் நான்கு பொன் பட்டைகள், அலுவலகச் சுவரில் படம், ஆயுள் முழுக்க வீடு தேடி வரும் சம்பளம். அதன் பிறகு வலது இருக்கையில் ஆள் தேவையில்லை. ஒரே நேரத்தில் ஏழெட்டு விமானங்களை அந்தக் கேப்டனின் எதிரொலியே ஓட்டும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம்.

இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. சேரும்போதே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஜெனோவாவும் சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டாள். கேப்டன் ஆவது ஒன்றே குறியாக இருந்த நாட்கள் அவை. நல்ல விமானி நேற்றைப் போலவே இன்றும் இருக்க வேண்டும் என்றார்கள். இருந்தாள். பறக்கும் நாளில் இட்லியைத் தவிர வேறெதையும் தொட மாட்டாள். கோபத்தை விழுங்கக் கற்றுக்கொண்டாள், சிரிப்பையும் அளவோடு வைத்துக்கொண்டாள். இடையில் எப்போதோ, அவளே எதிர்பாராமல், பறப்பதன் மேல் ஆசை வந்துவிட்டது. திரும்பி வரும்போது தானாகவே பறக்கவைக்கும் தன்னோட்டியை அணைத்துவிட்டு, மன்னார் வளைகுடாவுக்கு மேலே விமானத்தைச் சாய்ப்பாள். அத்தனை பெரிய கனம் தன் இரண்டு கைகளுக்குள் வந்து அடங்கும் அந்த நொடிக்காகவே அவள் உயிரோடு இருப்பதாக நினைத்தாள். அதை உணர்ந்தபோது எதிரொலி பிசகாத இருபத்தொன்பது பயணங்கள் முடிந்திருந்தன.

முப்பதாவதுக்கு முந்தின நாள் சாயங்காலம். லிகோரி அடுக்களையில் சீலா மீனைக் கழுவிக்கொண்டிருந்தான். அவளுடைய கணவன். அதே நிறுவனத்தில் சரக்கேற்றும் பிரிவில் எடைப் பொறுப்பாளர். அவன் எடையைச் சொல்லி, விமானி அதை அப்படியே திருப்பிச் சொன்னால்தான் விமானத்தின் கதவு சாத்தப்படும். கல்யாணத்துக்கு முன்பு அவர்கள் பேசிப் பழகியதே அந்த ஹெட்செட்டில்தான்.

"ஏங்க, நாளையோட முப்பது."

"தெரியும்லா. கேப்டனம்மாவுக்குத் தலைத்துண்டு வேணுமா, நடுத்துண்டு வேணுமா?"

"விளையாடாதிய. எனக்குக் கேப்டன் வேண்டாம். நான் பறக்கணும்."

லிகோரி குழாயை மூடினான்.

"நாளைக்கு ஒரே ஒரு வார்த்தையில அது பிசகினாப் போதும்," என்றாள். "கணக்கு மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கும். இன்னும் கொஞ்ச காலம் பறந்துக்கிடுவேன்."

"அப்ப மாத்திச் சொல்லேன். யாரு பிடிச்சா?"

"பாண்டித்துரை அண்ணன் பட்ட பாடு மறந்துபோச்சா?"

யாரும் மறக்கவில்லை. பாண்டித்துரையும் பறப்பதை விட மனமில்லாதவர். கடைசிப் பயணத்தில், தரையிறங்கும் நேரத்தில், திடீரென்று ஒரு தாலாட்டைப் பாடிவிடுவதென்று ஒரு வாரமாக மனதுக்குள்ளேயே வைத்திருந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. சக்கரம் தரையைத் தொடப் போகையில் இடது இருக்கை அந்தத் தாலாட்டைப் பாட ஆரம்பித்தது. அவர் இப்போது கேப்டன். வீட்டில் வாய் திறந்து பேசுவதே அபூர்வம் என்கிறார்கள்.

"நான் என்ன நெனச்சாலும் அதுவும் நெனைக்கும்," என்றாள் ஜெனோவா. "எனக்குத் தெரியாதது எங்கிட்ட இருக்காது. உங்ககிட்டதான் இருக்கும். நாளைக்கு எடை சொல்லும்போது, இதுவரைக்கும் எங்கிட்டச் சொல்லாத ஒண்ணச் சொல்லுங்க. உங்களப் பத்தி. எனக்குத் தூக்கிவாரிப் போடணும். அதக் கேட்டு நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியக் கூடாது. அப்ப அதுக்கும் தெரியாது."

"அப்படி ஒண்ணும் இல்லட்டி."

"ஏழு வருசத்துல ஒரு மனுசன்கிட்ட ஒண்ணுமே இல்லாமலா போகும்? எவளையாவது பாத்துப் பல்லக் காட்டியிருப்பிய. எனக்குத் தெரியாம என்னத்தையாவது செஞ்சிருப்பிய. சத்தியமா நான் கோவப்பட மாட்டேன்."

லிகோரி மீனையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "ஒண்ணு இருக்கு," என்றான்.

"இப்பச் சொல்லாதிய!" பாய்ந்து போய் அவன் வாயைப் பொத்தினாள். "நாளைக்கு."

அவன் தலையை ஆட்டினான். அவளுக்கு அன்று நிம்மதியாகத் தூக்கம் வந்தது. என்னவாக இருக்கும் என்று யோசிக்கக்கூட அவள் தன்னை விடவில்லை. யோசித்தால் எதிரொலியும் யோசிக்குமே என்ற பயம்.

மறுநாள் காலை, ஷார்ஜாவுக்கு உயிர் நண்டு. ஜெனோவா கதவைத் திறந்தாள்.

"வணக்கம்," என்றது இடது இருக்கை.

"வணக்கம்," என்றாள் அவள்.

வலது இருக்கையில் அமர்ந்து பெல்ட்டை மாட்டினாள். சோதனைப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் அவளுடைய குரல் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. எரிபொருள் சரி. இறக்கையின் மடிப்புத் தகடு சரி. ஒவ்வொரு "சரி"க்கும் பின்னால் அவளுடைய "சரி" போய் ஒட்டிக்கொண்டது. பழகிப்போனதுதான். ஆனாலும் அன்றைக்குத் தனக்கு முன்னால் தானே நடந்து போவதைப் பார்ப்பது போல இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, கீழே, மஞ்சள் சட்டையில் லிகோரி நின்றான். ஹெட்செட்டைக் காதில் சரிசெய்வது தெரிந்தது.

"முன் அறை நாலாயிரத்து இருநூறு," என்றான்.

"முன் அறை நாலாயிரத்து இருநூறு," என்றது எதிரொலி. எண்ணைத் தானும் கேட்டாக வேண்டியிருப்பதால் இந்த ஓரிடத்தில் மட்டும் அது காத்திருக்கும். ஆனாலும் அவளை முந்திவிடும். அவளும் சொன்னாள்.

"பின் அறை மூவாயிரத்து எழுநூறு."

இரண்டு குரல்களும் திருப்பிச் சொல்லின.

அவ்வளவுதான் எடை. இனி அவன் "கதவு" என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. சொல்வதென்றால் இப்போதுதான் சொல்ல வேண்டும். ஜெனோவா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக் கீழே பார்த்தாள். லிகோரி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான். ஹெட்செட்டில் அவன் மூச்சு கேட்டது. பிறகு வாயை மூடிக்கொண்டான்.

சொல்லுங்க, சொல்லிருங்க என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள்.

அப்போது இடது இருக்கை பேசியது. நிதானமாக, கோபமே இல்லாமல், அவளுடைய குரலில்.

"சொல்ல மாட்டாரு. நான் பறக்கிறது ஏழு வருசமா அவருக்குப் பிடிக்கல. அதுதான் அந்த ஒண்ணு. அதச் சொல்லிட்டா நான் பறந்துக்கிட்டே இருப்பேன். அதனால சொல்ல மாட்டாரு."

ஜெனோவாவின் வாய் திறந்தது. நிறுத்த நினைத்தாள். முடியவில்லை.

"சொல்ல மாட்டாரு," என்றாள். "நான் பறக்கிறது ஏழு வருசமா அவருக்குப் பிடிக்கல. அதுதான் அந்த ஒண்ணு..."

ஒரு சொல் விடாமல் அத்தனையும் அவள் வாயிலிருந்து வந்தது. எதிரொலியைக் கேட்டுத் திருப்பிச் சொல்லவில்லை, அந்தச் சொற்கள் எப்போதும் தனக்குள்ளேயே கிடந்திருக்கின்றன என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் கிளம்பும் நாட்களில் அவன் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடாதது, கேப்டன் என்ற பேச்சு வரும்போதெல்லாம் அவன் முகம் மலர்ந்தது, எல்லாவற்றையும் அவள் கண்டிருந்தாள். கண்டும் காணாமல் இருந்திருந்தாள். எதிரொலிக்குக் காணாமல் இருக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு குரல்களையும் லிகோரி கேட்டான்.

"கதவு," என்றான்.

அன்று திரும்பி வரும்போது மன்னார் வளைகுடாவுக்கு மேலே அவள் தன்னோட்டியை அணைக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். விமானம் எப்போதும் போல அழகாகச் சாய்ந்து திரும்பியது.

மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். கேப்டன் ஜெனோவாவின் விமானங்கள் ஷார்ஜாவுக்கும் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போய்வரத் தொடங்கின. மனிதர் ஜெனோவா வீட்டில் இருந்தாள். சண்டை போட்டிருந்தால் ஆறியிருக்கும். அவள் போடவில்லை. சோறு வைத்தாள், துணி மடித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். லிகோரி ஆசைப்பட்டபடி அவள் வீட்டிலேயே இருந்தாள். ஆனால் அவன் ஏழு வருடம் காத்திருந்தது இந்த ஜெனோவாவுக்காக இல்லை.

எதிரொலிக்கோ அந்தக் காலையோடு வயது நின்றுவிட்டது. அதற்கு மனத்தாங்கல் கிடையாது. எடையைத் திருப்பிச் சொல்லிவிட்டு, "சாப்பிட்டியளா?" என்று கேட்கும். மழை என்றால் "தலைய நனைக்காதிய" என்று சொல்லும். முதலில் லிகோரி பதில் சொல்லாமல் இருந்தான். பிறகு ம் கொட்டினான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். காலைப் பணி முடிந்த பிறகும், அடுத்த பணிக்கு வருகிறவரை அனுப்பிவிட்டு அவனே ஹெட்செட்டோடு உட்கார்ந்துகொள்வதாக ஜெனோவாவின் காதுக்குப் பேச்சு வந்தது. ஊர் மேலே விமானம் போகும்போதெல்லாம் அவள் அண்ணாந்து பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானமே வர வேண்டியவன் விளக்கு வைக்கும் நேரமாகியும் வரவில்லை. ஜெனோவா வெகுநேரம் தனியே உட்கார்ந்து யோசித்தாள். போதும் என்று பட்டது. அவனும் பாவம்தான், பயந்தவன், தன்னை விரும்பியவன். வீட்டுக்கு வாங்க, உக்காந்து பேசுவோம் என்று சொல்லிவிடலாம். அதற்குத் தன்னைத் தயார் செய்துகொள்ள அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. அவனுடைய கைப்பேசி வீட்டிலேயே கிடந்ததால் சரக்குப் பிரிவு எண்ணுக்கு அழைத்தாள். அங்கே வரும் அழைப்பெல்லாம், வானத்திலிருந்து வந்தாலும் தரையிலிருந்து வந்தாலும், அவன் காதிலிருக்கும் ஹெட்செட்டுக்குத்தான் போகும்.

மணி அடித்து எடுக்கப்பட்டது. பல வாரங்களாக அவனிடம் பேசாத கனிவான குரலில், மெதுவாக, "ஏங்க..." என்றாள்.

"சொல்லுட்டி," என்றான் லிகோரி. எத்தனையோ நாளாக அவள் வீட்டில் கேட்காத உற்சாகம் அந்தக் குரலில் இருந்தது. "எந்த ஃப்ளைட்டு?"