கங்காவின் மூட்டையில் பதினான்கு கிலோ

ஆயிரத்து முன்னூற்று எழுபத்திரண்டு மலேசிய வெள்ளி எண்பது சென். கங்கா தேயிலைத் தோட்டத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டிய பணம் இதுதான் என்று தாளில் அச்சாகியிருந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கட்டாவிட்டால் வேலை போகும், தோட்டம் கொடுத்த லைன் வீடும் போகும். இன்றைக்கே வெள்ளிக்கிழமை. கங்காவுக்கு ஏழு மாதம்.

அவள் புருஷன் தர்மா கொழுந்து லோரி ஓட்டுகிறவன். தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றான். உள்ளே அம்சவல்லி இருந்தாள். தோட்டத்தில் எல்லாம் சட்டப்படி நடக்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துப்போகும் தலைமை அலுவலக அதிகாரி.

“மேடம், என் பொண்டாட்டியைத் திருடின்னு மெஷின் சொல்லுது.”

அவள் தாளை இரண்டு தடவை படித்தாள். “உக்காருங்க. எந்த மெஷின்?”

கொழுந்து எடை போடும் நிறுவைக் கொட்டகையில் இந்த வருஷம் வைத்த செயற்கை அறிவு மெஷின். பெண்கள் கையில் கட்டிய பட்டை, கத்தரியால் எத்தனை வெட்டு வெட்டினார்கள் என்று எண்ணும். அந்த வெட்டுக்கு இவ்வளவு கொழுந்துதான் வரும் என்று மெஷின் கணக்குப் போடும். மூட்டை அதற்கு மேல் கனத்தால் கலப்படம் என்று சிவப்பில் காட்டும். கங்காவின் மூட்டை இருபத்து நான்கு நாள் கனத்திருந்தது. அந்த இருபத்து நான்கு நாள் கூலியும் செல்லாது.

“கங்கா என்ன சொல்றாங்க?”

“வாயே திறக்கல மேடம். அழுவுறா.”

ஒன்றை மட்டும் தர்மா சொல்லவில்லை. அவள் மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியதை அவன் பார்த்திருந்தான். இந்த மலையில் பனிக்கும் மழைக்கும் சொட்டாத மூட்டை கிடையாது. தெரிந்தும் மூன்று நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அம்சவல்லி ஃபேக்டரிக்குப் போன் போட்டாள். கொழுந்து வாட்டும் மேடையைப் பார்த்துக்கொள்ளும் சிங்காரம் எடுத்தார். “தண்ணி கலந்திருந்தா வாட்டும்போது எடை சரசரன்னு இறங்கிடுமே. கல்லு கிடந்தா இங்க கொழுந்து உருட்டுற மெஷின் கத்தும். மூணு மாசமா ஒரு கோளாறும் இல்லம்மா.”

தர்மா துள்ளி எழுந்தான். “அப்போ மெஷின் தப்பு! வாங்க மேடம், துரைகிட்ட போலாம்!”

“பொறுங்க. மெஷின் சரியாவே எண்ணியிருக்கலாம். மூட்டையில இருந்தது நல்ல கொழுந்து. ஆனா கங்கா வெட்டின கொழுந்து இல்ல.”

தர்மா மறுபடி உட்கார்ந்தான். தண்ணீர் இல்லையென்றால் திருட்டா? அது இன்னும் மோசமாயிற்றே.

அவள் திரையில் நாள் நாளாகப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் பதினான்கு கிலோ கூடுதல். இரண்டே நாள் மட்டும் பன்னிரண்டு.

“ஆகஸ்ட் ஆறு, ஏழு. அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

“மலருக்குக் காய்ச்சல். கங்கா கூட வெட்டுற பொண்ணு. நான்தான் மருந்துக்குத் தானா ராத்தா டவுனுக்குக் கூட்டிட்டுப் போனேன்.”

அம்சவல்லி கணினியை மூடினாள். “நாலு மணிக்கு எல்லாரையும் கொட்டகைக்கு வரச் சொல்லுங்க.”

நான்கு மணிக்கு மேனேஜர் ஜெகதீஸ்வரன் துரை கைகட்டி நின்றார். கணக்குப் பார்க்கும் கிராணி லிங்கேஸ்வரன் மெஷின் பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருந்தான். கங்காவோடு வெட்டும் ஏழு பெண்களும் சுவரை ஒட்டி நின்றார்கள். கங்கா தலை நிமிரவில்லை.

“கங்கா மூட்டையில பதினாலு கிலோ கூடின நாளெல்லாம், இந்த ஏழு பேருக்கும் வெட்டுக்கு ஏத்த கொழுந்து வரல” என்றாள் அம்சவல்லி. “ஆளுக்கு ரெண்டு கிலோ குறைவு. மலர் வராத அன்னிக்கு ஆறு பேர், பன்னெண்டு கிலோ.”

“அதை ஏன் மெஷின் சொல்லல?” என்றார் துரை.

“கூடினா கத்துன்னு மட்டும்தான் அதுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க. குறைஞ்சா பாருன்னு யாரும் சொல்லல.”

ஏழு பேரில் வடிவம்மாள் முன்னால் வந்தாள். “நாங்கதான் போட்டோம். ஆறு மாசம் தாண்டின வயித்துக்காரி மூட்டையில ஆளுக்குக் கொஞ்சம் போடுறது எங்க வழக்கம்லா. ஆம்பளைங்களுக்குச் சொல்றதில்ல. சொன்னா ரோஷம் வந்து ரெண்டு நாளைக்கு மூஞ்சியைத் தூக்கிட்டுத் திரிவாங்க.”

தர்மாவின் காது சூடேறியது.

“கொழுந்து கை மாறினா வேலை நீக்கம்னு போர்டுல இருக்கு. சொன்னா ஏழு வீட்டு அடுப்பும் அணைஞ்சிடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்” என்றாள் கங்கா.

“விதி விதிதான்” என்றார் துரை.

“விதியையே பேசுவோம் சார். மெஷின் ஒருத்தரைக் குத்தம் சொன்னா, கூலியில கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு மனுஷன் விசாரிக்கணும். நீங்க கையெழுத்துப் போட்ட விதி அது. கிராணி இருபத்துநாலு நாளுக்கும் ‘விசாரித்தேன்’னு தட்டியிருக்காரு. எல்லாம் போன ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி பன்னெண்டுக்கு. ஒரே நிமிஷத்துல.”

லிங்கேஸ்வரன் துரையைக் கை காட்டினான். “மேடம் வர்றதுக்குள்ள சிவப்பெல்லாம் காலி பண்ணுன்னு துரைதான் சொன்னாரு. ஒவ்வொண்ணா விசாரிச்சா எத்தனை நாள் ஆகும் லா?”

அம்சவல்லி துரை பக்கம் திரும்பினாள். “கம்பெனி எந்தக் கிலோவுக்கும் ரெண்டு தடவை கூலி கொடுக்கல. அதனால நஷ்டம் இல்ல. தப்பு இந்தக் கொட்டகையில நடந்தது. அதை அறிக்கையில எழுதுவேன், தேயிலை வாங்குறவங்க படிப்பாங்க. நீங்க திருத்தினா அதையும் எழுதுவேன். இந்த ஏழு பேரை நிறுத்தினாலும் எழுதுவேன்.”

துரை கங்காவின் தாளை வாங்கினார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, ‘ரத்து’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “யாரையும் நிறுத்தல.”

“கங்கா” என்றான் தர்மா மெதுவாக. “நானும் ஒரு நிமிஷம்...”

“தெரியும். மூணு நாளா என் மூட்டையையே மொறைச்சிட்டுதானே இருந்தீங்க.” துரை பக்கம் திரும்பினாள். “தாள்ல போட்டா போதாது சார். மெஷின்லயும் அழிங்க.”

மணி நான்கு ஐம்பது. லிங்கேஸ்வரன் பொத்தானை அழுத்தினான். மூட்டை கனத்த காரணம் என்ன என்று திரை கேட்டது. தண்ணீர், கல், திருட்டு. மூன்றே மூன்று.

“வேற இல்லையே” என்றான். அவன் விரல் அந்தரத்தில் நின்றது.

“கீழ காலி இடம் இருக்கு, டைப் பண்ணுங்க” என்றாள் அம்சவல்லி.

“என்னன்னு?”

“நாங்க போட்டோம்னு போடு” என்றாள் வடிவம்மாள்.

அவன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினான். சிவப்பு மறைந்தது. கங்காவின் பெயருக்கு நேராகப் பாக்கி சைபர் என்று வந்தது.