மகளுக்கு வந்த பாடம்

மூன்றாம் வகுப்பில் பெண்கள் வரிசை முழுக்கப் பதிலிகள், பிள்ளைகளுக்குப் பதிலாகப் பள்ளிக்கு வரும் இயந்திரப் பொம்மைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளையின் முகம், அந்தப் பிள்ளையின் குரல். பேர் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்று எழுந்து நிற்கும். ஆண்கள் வரிசையில் பையன்கள் உடம்போடு உட்கார்ந்து மூக்கை நோண்டிக்கொண்டிருந்தார்கள். வசதியான வீட்டுப் பெண்கள் பஸ் ஏறி வேறு பள்ளிக்கு உடம்போடே போனார்கள். பதிலி இலவசம், இலவசம் யார் வீட்டுக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாப் பிள்ளையும் பள்ளிக்கு வந்துவிட்டதென்று அதிகாரிகள் மாலை போட்டுக்கொண்டார்கள்.

உப்பளத்தில் மூட்டை சுமக்கும் சுடலையாண்டி மூத்த மகனைப் பள்ளிக்கு அனுப்பினான். மகள் மாரிசெல்விக்குப் பதிலி. அவளும் போய்விட்டால் கைப்பிள்ளையை யார் பார்ப்பது? பொண்டாட்டி பேச்சித்தாயும் உப்பு வாரப் போகிறவள்.

சாயங்காலம் பதிலி வீட்டுக்கு நடந்து வரும். அதன் உள்ளங்கையில் பிள்ளை கை வைத்தால் அன்றைய பாடம் தலையில் ஏறும். ஒரு பாடம் ஒரு தடவைதான் ஏறும். யாரும் கை வைக்காவிட்டால் தெருவே கேட்க அலறும்.

"ஏட்டி, அது கத்துது. வந்து கையை வையி."

"சோறு பொங்குதுப்பா. தம்பி வேற அழுவுதான்."

பதிலி வந்த முதல் நாளே, சத்தம் தாங்காமல் சுடலையாண்டி தன் கையை வைத்தான். முதலில் வைத்த கையையே பிள்ளையின் கை என்று அது பிடித்துக்கொண்டது. அதைச் செய்தவர்கள் படித்தவர்கள், ஏழை வீட்டுக்குள் சாயங்காலம் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

மறுநாளும் அவனே வைத்தான். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. சுகமாகவும் இருந்தது.

அடுத்த மழைக்குள் அவனுக்கு வாசிக்க வந்துவிட்டது. முதலாளி அவனை எடை எழுத உட்காரவைத்தார். நிழலில் நாற்காலி.

ஒரு நாள் சாப்பிடும்போது அப்பளக் கட்டில் எழுதியிருந்ததை வாய்விட்டு வாசித்தான். மாரிசெல்வி அவன் வாயையே பார்த்தாள்.

"ஒனக்கு எப்பிடிப்பா வாசிக்க வந்துச்சு?"

"தானா வந்துச்சு."

"எனக்கும் வருமா?"

"வரும்ட்டி," என்றாள் பேச்சித்தாய், குழம்பை ஊற்றிக்கொண்டே. "ஒங்கப்பன் மிச்சம் வச்சா வரும்."

அவன் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகாமல் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனான். அவள் தண்ணீர் தொட்டுத் தலை வாரியிருந்தாள். பூட்டிய வகுப்புக் கதவில் ஒரு கண்ணாடிப் பலகை. அதில் கையை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்து, எழுத்து ஓடியது.

"என்னப்பா போட்டிருக்கு?"

அவன் மனதுக்குள் வாசித்தான். 'மாரிசெல்வி வகுப்பில் இருக்கிறாள். பதிலியை வெளியே அனுப்ப, பாடம் பெற்ற கையை வைக்கவும்.'

அந்தக் கை வேட்டி மடிப்புக்குள் கிடந்தது. எடுத்து வைத்தால் கதவு திறக்கும். அவன் தலையில் ஏறியதையெல்லாம் உருவி மகளுக்கு ஏற்றுவார்கள். அதுதான் சட்டம். பிறகு அவன் பழையபடி தற்குறி, பழையபடி மூட்டை. மகள் பாடத்தைத் தின்றவன் என்று ஊர் காறித் துப்பும்; அது நியாயம்தான். கை வெளியே வரவில்லை.

"லீவாம்ட்டி," என்றான்.

உள்ளே ஒரு பிள்ளை திக்காமல் பாடம் வாசித்தது. மாரிசெல்வி கதவில் காதை வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அது என் சத்தம்லா. நான் நல்லா வாசிக்கேம்ப்பா."