டிஸ்க்குக்குள் உலக்கைச் சத்தம்

பின்வளவில் யாரோ உலக்கை போடுவது போலச் சத்தம் கேட்டது. டொக். சிறிது இடைவெளி. மறுபடி டொக்.

"சுபா, இந்த நேரத்திலை என்ன இடிக்கிறீர்?" என்று வாகீசன் குரல் கொடுத்தான்.

"நான் எங்கை இடிக்கிறன்? இஞ்சைதானே நிக்கிறன்."

அவன் மனைவி சுபாஜினி தேத்தண்ணியோடு அவன் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். குசினி மூலையில் உலக்கை சாத்தியபடி இருந்தது. உரலுக்குள் பூனை சுருண்டு படுத்திருந்தது.

சத்தம் மேசையிலிருந்துதான் வந்தது. யூஎஸ்பி அடாப்டரில் மாட்டிக் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்க் தட்டிக்கொண்டிருந்தது. காலையில் நீர்வேலியிலிருந்து சிவகௌரி என்ற பெண் கொண்டுவந்து தந்தது. தாய் சின்னாச்சியின் செத்தவீட்டு வீடியோ அதற்குள் இருக்கிறதாம். எடுத்த ஸ்டூடியோவை எப்போதோ பூட்டிவிட்டார்கள், வேறு கொப்பியும் இல்லை. அன்றைக்குக் கனடாவிலிருந்து வரமுடியாமல் போன தங்கச்சி, அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒருக்கால் பார்க்க வேண்டும் என்று அழுகிறாளாம். சுன்னாகத்தில் வீட்டு முன்னறையையே கணினி திருத்தும் கடையாக வைத்திருந்த வாகீசனுக்கு இப்படி வேலை அடிக்கடி வரும். செத்த சனத்தைத் தோண்டியெடுப்பதே தன் பிழைப்பாகிவிட்டது என்று அவனே பகிடி விடுவான்.

"விளக்கு வைக்கிற நேரம். செத்தவீட்டுச் சாமானை இப்ப போடாதேங்கோவன்," என்றாள் சுபாஜினி.

"கறண்ட் போதாமல்தான் தட்டுது. தனிக் கறண்ட் குடுத்தால் சரி. பாவம், அந்தப் பிள்ளை காத்துக்கொண்டிருக்கும்."

அவள் முணுமுணுத்தபடி சாமி அறைக்குப் போனாள். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. டிஸ்க்குக்கென்று தனியாக ஒரு மின்வயரைக் கொடுத்ததும் அது மெல்ல இரைந்து சுழன்றது. திரையில் வீடியோ ஓடத் தொடங்கியது. வெள்ளை கட்டிய பந்தல், குத்துவிளக்கு, சுண்ணப் பாட்டுப் படிக்கும் ஒரு கிழவர், நடுவில் உரல். கொள்ளி வைக்கப்போகிறவன் ஈர வேட்டியோடு, முதுகைக் காட்டியபடி, உடலில் பூசுகிற சுண்ணப்பொடியை இடித்துக்கொண்டிருந்தான். உடலை எடுக்குமுன் எல்லாச் சைவ வீடுகளிலும் நடக்கிற காரியந்தான். ஆனால் அறைக்குள் சாம்பிராணி மணந்தது. அவர்கள் வீட்டில் சாம்பிராணி தீர்ந்து ஒரு கிழமையாயிற்று.

படத்தின் ஓரத்தில் உடலின் கால்மாடு மட்டும் தெரிந்தது. சிவப்பில் பொன் கரை போட்ட கூறைச் சேலை. வாகீசன் முகம் சுளித்தான். தகப்பன் முதலே போய்விட்டார் என்று சிவகௌரி சொன்னாளே. விதவைக்கு யார் கூறை உடுத்துவார்கள்? கூறையோடு போகிறவள் புருஷன் உயிரோடு இருக்கிறவள் அல்லவா?

டொக். படம் உறைந்துவிட்டது.

அவனுக்குப் பயம் வந்துவிட்டது. அதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்ததால் கேபிளை மாற்றிக் குத்தினான். படம் ஓடியது, கமரா இப்போது கிட்ட வந்திருந்தது. சேலைக் கரையில் அன்னங்கள். தன் கல்யாணத்துக்கு அவன் கடை கடையாக ஏறி இறங்கி எடுத்த கூறையிலும் அன்னங்கள்தான். ஒரே கரை எத்தனையோ சேலைக்கு வரும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பிறகு இடிப்பவனின் முதுகைப் பார்த்தான். இடது தோளில் பிறை மாதிரி ஒரு தழும்பு. வாகீசனின் கை தானாகத் தன் தோளுக்குப் போனது. சின்ன வயதில் மதிலிலிருந்து விழுந்து கம்பி கிழித்த தழும்பு விரலில் தட்டுப்பட்டது.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சுபாஜினி போனால் கொள்ளி வைப்பது அவன்தான்.

கமரா மெதுவாகத் தலைமாட்டுக்கு நகர்ந்தது. தாலி. கழுத்து. நாடியைக் கட்டியிருந்த வெள்ளைத் துணி. சுபாஜினியின் முகம். அள்ளிப் பூசிய திருநீற்றுக்குக் கீழே நெற்றி உள்ளே போயிருந்தது.

வயர்கள் எல்லாவற்றையும் இழுத்துப் பிடுங்கினான். படம் நிற்கவில்லை. சத்தமும் நிற்கவில்லை. கையில் டிஸ்க் துடித்தது. டொக். டொக்.

இது இருந்தால் அவள் இருக்க மாட்டாள். அவ்வளவுதான் அவனுக்கு விளங்கியது. குசினிக்கு ஓடினான். பூனை சீறிப் பாய்ந்தது. டிஸ்க்கை உரலுக்குள் போட்டான். உலக்கையைத் தூக்கினான்.

ஓங்கி ஒரு குத்து. மூடி நெளிந்தது. இன்னொன்று. தகடு பிளந்தது. இன்னொன்று.

"என்னப்பா செய்யிறியள்? விசரே உங்களுக்கு?" தீப்பெட்டியும் கையுமாகச் சுபாஜினி ஓடிவந்தாள்.

"கிட்ட வராதையும்! உம்மைக் கொல்லப் போகுது!"

"ஐயோ, அந்தப் பிள்ளையின்ரை அம்மா அதுக்குள்ளை இருக்கிறா!"

அவள் தலை உரலுக்கு மேலே வரக் குனிந்தாள். டிஸ்க்கை எடுக்க, இரண்டு கையையும் உரலுக்குள் விட்டாள்.

உலக்கை ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது.

இந்தச் சத்தம் வேறு. இரும்பில் விழுந்த சத்தமல்ல. ஈரமானது.

அவள் உரல் விளிம்பில் சரிந்து கிடந்தாள். கண்கள் அவனைப் பார்த்தபடி. அவற்றுக்கு மேலே நெற்றி இல்லை. இரத்தம் கல்லில் வழிந்து நசுங்கிய தகடுகளை நிறைத்தது. டிஸ்க் அடங்கிவிட்டது.  

முன்னறைத் திரையில் கிழவர் சுண்ணப் பாட்டை எடுத்தார்.

வாகீசனின் கைகள் உலக்கையை உயர்த்தின. விடப் பார்த்தான். விரல்கள் கழலவில்லை.

டொக்.

பாட்டுக்கு அளவாக, அவன் இடித்துக்கொண்டிருந்தான்.