அரளித் தீவில் அரை நாள்

"ஓ மை காட்...!"

கைடு பார்பரா போட்ட அலறலில் அந்த ஒயின் கடையே அதிர்ந்தது.

அவள் கையிலிருந்த பாட்டில் நழுவித் தரையில் உடைந்தது. சிவப்பு ஒயின் வழிந்தோடி, குப்புறக் கிடந்த மாரிசாமியின் மூக்கைத் தொட்டது.

மாரிசாமி அசையவில்லை.

கிடைத்த ஒயினை அவன் விட்டுவைத்தது வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை!

ஆம்புலன்ஸ் ஏழு நிமிடத்தில் வந்தது. நெஞ்சை அமுக்கினார்கள். ஷாக் கொடுத்தார்கள். அரை மணி நேரம் போராடிவிட்டுக் கையுறைகளைக் கழற்றினார்கள்.

டெக்ஸாஸ் மாநிலம், கால்வெஸ்டன் தீவு. மதியம் மணி ஒன்று பத்து.

காலை ஒன்பதரைக்குத் தொடங்கிய அரை நாள் ஒயின் டூர் அது. மூன்று கடைகள், ஒரு வேன், ஒரு கைடு, நான்கு தமிழர்கள்.

இப்போது மூன்று தமிழர்கள்.

செத்துப்போன மாரிசாமிக்கு நாற்பத்தாறு வயது. சுகர் லேண்ட் நகரில் ஒரு எண்ணெய் கம்பெனியில் இன்ஜினியர். பதினோரு வருடம் காத்திருந்து, பத்து நாளைக்கு முன்னால்தான் அவனுக்கும் மனைவி வசந்தாமணிக்கும் க்ரீன் கார்டு வந்திருந்தது. அதைக் கொண்டாடத்தான் இந்த டூர். துணைக்குப் பக்கத்துத் தெரு செழியனும், அவன் மனைவி வான்மதியும்.

வசந்தாமணி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

வான்மதி சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

பெண்டாட்டியைவிடப் பக்கத்துத் தெருக்காரி அதிகமாக அழுவதைச் செழியன் கவனித்தான்.

கதவு திறந்தது.

உள்ளே வந்தவருக்கு மாநிறம். தடித்த மீசை. சட்டைப் பட்டன்களோடு சண்டை போடும் தொந்தி. நெஞ்சில் சின்னதாக ஒரு போலீஸ் கேமரா.

"டிடெக்டிவ் காலேப்" என்று கை நீட்டினார்.

செழியன் கை குலுக்கிவிட்டு, வசந்தாமணி பக்கம் திரும்பித் தமிழில் முணுமுணுத்தான்.

"மெக்சிகன் போலிருக்குக்கா. இந்தத் தொந்திய வச்சுக்கிட்டு இந்தாளு எங்க கண்டுபிடிக்கப் போறான்..."

காலேப் கோட்டை இழுத்துப் பட்டன் போட்டுக்கொண்டார். கடற்கரைக் கடை. ஏசி வேறு கொஞ்சம் அதிகம்தான்.

விசாரணை இங்கிலீஷில் நடந்தது. உங்கள் வசதிக்காக அதை நல்ல தமிழில் தருகிறேன். நம்மவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது மட்டும் அப்படியே!

"யார் எதில் குடித்தீர்கள்?" காலேப் கேட்டார்.

பார்பரா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "காலையில் ஆளுக்கு ஒரு கிளாஸ் கொடுத்தேன். பெயர் எழுதி, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பையோடு. மூன்று கடைக்கும் அதே கிளாஸ்தான். நான்கே விதி. சுழற்று, முகர், உறிஞ்சு, துப்பு!"

"இறந்தவர்?"

"நான்காவது விதியை அவர் ஏற்கவே இல்லை, டிடெக்டிவ்."

"அதற்கு முன்னால் உடம்புக்கு ஏதாவது?"

"இரண்டாவது கடையில் வாந்தி எடுத்தார். தலை சுற்றுகிறது என்றார். அதிகமாகக் குடித்துவிட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவரைத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். 'தண்ணி வீட்லயே இருக்கு' என்று சிரித்தாராம். இவர்கள்தான் மொழிபெயர்த்தார்கள்."

நான்கு கிளாஸ்களும் உறைக்குள் போயின. ஆஸ்பத்திரி லேபுக்குப் பறந்தன. மூன்று பேரையும் கடையிலேயே உட்கார வைத்தார் காலேப்.

இரண்டு மணி நேரம்.

போன் அடித்தது.

காலேப் கேட்டுக்கொண்டார். போனை மெதுவாகப் பையில் வைத்தார்.

"அரளி."

பார்பரா நெஞ்சில் கை வைத்தாள். "காலையில்தானே சொன்னேன்! தெருவுக்குத் தெரு அரளி, எங்கள் தீவின் அழகே அதுதான், ஆனால் விஷம், யாரும் பறிக்காதீர்கள் என்று மூன்று தடவை சொன்னேனே..."

"யாரோ உங்கள் பேச்சை ரொம்பக் கவனமாகக் கேட்டிருக்கிறார்கள்" என்ற காலேப், வசந்தாமணியின் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், உங்கள் கணவரின் கிளாஸ் சுத்தமாக இருக்கிறது. விஷம் இருந்தது உங்கள் கிளாஸில்."

"என்... கிளாஸிலா?"

"குறி அவரில்லை. நீங்கள்!"

வசந்தாமணி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "முதல் கடையில்... குடிக்கப் போனேன். ரொம்பக் கசந்தது. எனக்கு வேண்டாம் என்றேன். கொடு என்று அவர் வாங்கிக் குடித்துவிட்டார். ஐயோ... நான் சாக வேண்டியது!"

"உங்களைக் கொல்லுமளவு விரோதி யாராவது?"

அவள் தயங்கித் தயங்கித் தன் போனை எடுத்துத் திறந்து நீட்டினாள்.

"குடும்ப மானம்... சொல்லக் கூடாது என்று இருந்தேன். அவருடைய போனிலிருந்து நான் எடுத்து வைத்த மெசேஜ்கள்."

காலேப் படித்தார். எல்லாம் இங்கிலீஷ். எல்லாம் வான்மதியிடமிருந்து மாரிசாமிக்கு. முதல் மெசேஜின் தேதி இரண்டு வருடத்துக்கு முன்னால்.

ஐ மிஸ் யூ... எப்போது அவளிடம் சொல்லப் போகிறாய்... அவள் மட்டும் இல்லாவிட்டால் நாம் எவ்வளவு நிம்மதியாக இருப்போம்...

செழியன் எட்டிப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் எங்கோ இறங்கிப் போனது.

"உங்கள் கைப்பையைப் பார்க்கலாமா?" காலேப் வான்மதியிடம் கேட்டார்.

"தாராளமாக!" கண்ணைத் துடைத்துக்கொண்டே நீட்டினாள் வான்மதி.

சீப்பு, லிப்ஸ்டிக், கார் சாவி. அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர்.

கவருக்குள் பச்சையாகப் பொடி!

"இது என்னுடையது இல்லை!" வான்மதி கத்தினாள். "எனக்கு ஒன்றுமே தெரியாது!"

"வேனில் நாள் முழுக்க உங்கள் மடியில்தானே இருந்தது இந்தப் பை?"

"இல்லை... முதல் இரண்டு கடையிலும் வேனிலேயே விட்டுவிட்டுத்தான்..." சட்டென்று அவள் பேச்சு நின்றது. மெதுவாகத் திரும்பி வசந்தாமணியைப் பார்த்தாள். பதற்றத்தில் தமிழ் பீறிட்டது.

"அக்கா! நீங்கதான் குடிக்கவே மாட்டீங்களே! எந்த கெட்-டுகெதர்லயும் ஒரு சொட்டு தொட்டதில்ல. போட்டோவுக்குக் கைல கிளாஸ வச்சுட்டு நிப்பீங்க, அடுத்த நிமிஷம் அது அண்ணன் கைக்குப் போயிடும். இது நம்ம எல்லாருக்கும் தெரியுமே... உங்க கிளாஸ்ல ஊத்தினா அது அண்ணனுக்குத்தான்னு உங்களுக்குத் தெரியாதா?"

"இன்னுமா அண்ணன்?" என்றாள் வசந்தாமணி.

வான்மதி காலேப்பின் பக்கம் பாய்ந்தாள். இங்கிலீஷ் தடுமாறியது. "சார், இவள் குடிக்க மாட்டாள்! ஒருநாளும் குடித்ததில்லை! இவளுடைய பங்கை எப்போதும் கணவர்தான் குடிப்பார். இவள்தான் கொன்றிருக்கிறாள். என் கணவரைக் கேளுங்கள்... அவருக்குத் தெரியும்!"

காலேப் செழியனைப் பார்த்தார்.

"மிஸ்டர் செழியன், வசந்தாமணி குடிப்பாரா?"

கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே கடல் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

வான்மதி இரண்டு கையையும் கூப்பினாள். "ஏங்க... உண்மைய சொல்லுங்க. ப்ளீஸ். என் உயிருங்க..."

செழியன் கண்ணாடியைக் கழற்றினான். சட்டை நுனியில் நிதானமாகத் துடைத்தான். மறுபடி மாட்டிக்கொண்டான்.

"குடிப்பார், டிடெக்டிவ். வாராவாரம். சிவப்பு ஒயின்தான் பிடிக்கும்."

"ஏங்க...!"

"ரெண்டு வருஷமா நீ சொன்ன பொய்ய எல்லாம் நான் நம்பினேன்ல?" செழியன் தமிழில், முகத்தில் வருத்தம் மாறாமல் சொன்னான். "இப்ப நான் சொல்றத இவர் நம்பட்டும்."

வான்மதி தரையில் சரிந்தாள்.

அப்போதுதான் வசந்தாமணி தலையில் அடித்துக்கொண்டு எழுந்தாள். ஓடிவந்து வான்மதியின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய ராகம் போட்டு அழ ஆரம்பித்தாள்.

பார்த்த பார்பராவும் சேர்ந்து அழுதாள். பாவம், அவளுக்கு அர்த்தம் புரியவில்லை!

"ரெண்டு வருஷம் முன்னாடியே பாத்தேன்டி ஒம் மெசேஜ... அன்னைக்கே முடிச்சிருப்பேன்டி அந்தாள..."

"அக்கா..."

"நான் டிபென்டன்ட் விசால இருந்தேனேடி... அந்தாளு போயிட்டா நானும் பொட்டி கட்டணுமேடி... கார்டு வரட்டும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு அவனுக்குச் சோறு போட்டேனேடி..."

காலேப் செழியனிடம் குனிந்தார். "என்ன சொல்கிறார்?"

"கணவரை நினைத்துப் புலம்புகிறார், டிடெக்டிவ். எங்கள் ஊர் வழக்கம்."

"ரொம்ப உருக்கமாக இருக்கிறது. அழட்டும்" என்றார் காலேப்.

வசந்தாமணிக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. குரலை உயர்த்தினாள்.

"பத்து நாள் முன்னாடி கார்டு வந்துச்சேடி... அரளி பூக்குற தீவுன்னு தேடித் தேடி நான்தானேடி டூர் புக் பண்ணேன்... முன்னாடியே அரைச்சு வச்ச பொடிய மொதக் கடையில என் கிளாஸ்ல போட்டேன், வாங்கி மடமடன்னு குடிச்சானேடி... மிச்சத்த ஒம் பைல வச்சேனேடி..."

"கொலகாரி! விடு என்னை!"

"அவனுக்கு அரளி... ஒனக்கு ஊசிடி! டெக்ஸாஸ்ல கொலக்கு ஊசி போட்டுக் கொல்லுவாங்கடி... நான் வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒக்காந்து பாப்பேன்டி..."

மூச்சு வாங்கியது. நிறுத்தினாள். சேலைத் தலைப்பைத் தேடிய கைக்கு ஜீன்ஸ்தான் கிடைத்தது.

காலேப் மேஜையிலிருந்த டிஷ்யூ பெட்டியை எடுத்துவந்து அவள் முன்னால் நீட்டினார்.

"மூக்கத் துடைச்சுக்குங்கம்மா. ராகம் பிரமாதம். ஆனா எங்க பெரியம்மா இன்னும் கொஞ்சம் சுதியோட அழுவாங்க."

டிஷ்யூ கீழே விழுந்தது.

செழியனின் கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியது.

"நீ... நீங்க... தமிழா?"

"காலேப் ஞானசீலன். அப்பாவுக்குப் பாளையங்கோட்டை. நான் பொறந்தது இதே டெக்ஸாஸ்ல, பேர்லேண்ட்." காலேப் இடுப்பிலிருந்து விலங்கை உருவினார். "வீட்ல இங்கிலீஷ் பேசினா எங்கம்மா சோறு போட மாட்டாங்க. பசி தாங்க மாட்டேன், அதனால நல்லாவே கத்துக்கிட்டேன்."

"நான் சும்மா... துக்கத்துல ஏதோ உளறிட்டேன்..." வசந்தாமணியின் குரலில் இப்போது ராகம் இல்லை.

காலேப் நெஞ்சிலிருந்த கேமராவைத் தட்டினார். "உளறினது அவ்வளவும் இதுல இருக்கு. இதுக்குத் தமிழ் தெரியாது. கோர்ட்ல நான் சொல்லிக்கிறேன்."

விலங்கு மாட்டியது.

"பதினோரு வருஷம்... சார், நான் பதினோரு வருஷம் காத்திருந்தேன் சார்..."

"கார்டு கைப்பைல இருக்கா?"

அவள் தலையாட்டினாள்.

"எடுத்துக் குடுங்க. ஜெயில்ல ஐடி கேப்பாங்க."

வசந்தாமணி உண்மையாகவே அழ ஆரம்பித்தாள். அன்றைக்கு முதல் தடவையாக!

வான்மதி தவழாத குறையாக வந்து காலேப்பின் காலைப் பிடித்தாள். "சார், நீங்க தெய்வம் சார்! என் உயிரக் காப்பாத்திட்டீங்க..."

"எழுந்திருங்க. உங்க வீட்டுக்காரரும் எங்ககூட வர்றார். கொலைன்னு தெரிஞ்சும் பொய் சொன்னாரு, ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை." இரண்டாவது விலங்கு செழியன் கையில் ஏறியது. "நீங்க என்ன விசா?"

"டிபென்டன்ட் சார். அவரோட விசா..."

சொல்லும்போதே அவள் வாய் நின்றுவிட்டது. விலங்கோடு நின்ற புருஷனைப் பார்த்தாள். செழியன் அவளைப் பார்த்துப் புன்னகைத்தான்.

"பொட்டிய கட்டிக்கோ" என்றான்.

வான்மதி மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை யாரும் டிஷ்யூ நீட்டவில்லை.

போலீஸ் கார் வாசலுக்கு வந்தது. இரண்டு பக்கமும் அரளிச் செடிகள் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. செழியனைப் பின் சீட்டில் ஏற்றும்போது அவன் கெஞ்சினான்.

"சார், நீங்க நம்மாளுன்னு தெரியாம பேசிட்டோம்..."

"தெரியாததாலதான் உண்மைய பேசினீங்க." காலேப் கதவைச் சாத்தப் போனவர், நிறுத்தி உள்ளே குனிந்தார்.

கோட்டுப் பட்டனைக் கழற்றினார். தொந்தி நிம்மதியாக வெளியே வந்தது.

"அப்புறம் ஒரு விஷயம் சார். இது மெக்சிகன் தொந்தி இல்ல... எங்கம்மா சுட்ட ஆப்பம்!"